தண்ணீரில் பாடியவள்

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் மரக்காணம் உப்பளத்தில் சினிமாப் பாட்டு எடுத்தார்கள். வரப்பில் நின்ற உப்பளப் பெண்கள் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு வாயசைக்க, பாத்தித் தண்ணீரில் தெரிந்த பிம்பத்தையும் சேர்த்துக் காமிரா பிடித்தது.

"வாயைத் திறம்மா!" டான்ஸ் மாஸ்டர் கத்தினார்.

"எங்க வூட்டுல யாரும் பாத்தியில வாயத் தொறக்க மாட்டோங்க. நீங்க எடுங்க," என்றாள் லீமா. கடைசிவரை திறக்கவில்லை.

படம் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. வரப்பில் நின்ற லீமாவின் வாய் இறுக மூடியிருந்தது. தண்ணீரில் இருந்தவள் ஒரு சொல் பிசகாமல் பாடினாள்.

"எவடி அவ?" பக்கத்திலிருந்த புருஷன் ஜோசப் கேட்டான். லீமா அவன் கையைப் பிடித்தாள்.

"நாந்தான். வேற யாரு?"

மறுநாள் உப்பு வார லீமா பாத்தியில் குனிந்தாள். கீழே தண்ணீரில் இருந்தவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். படத்தில் இல்லாத சரணம் அது.

லீமா வாயைத் திறக்காமல், உப்பு வாரும் பலகையை வரப்பில் தட்டித் தாளம் போட்டாள்.