முதலில் குளம்

"என் பையனைக் காணோம்!" என்று பெற்றோர் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். ஆறு வயது. பேச்சு வராது, கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கான அந்தக் குழுவில் நான் சேர்ந்து நான்கே நாள்தான். "என் பொண்ணும் இப்படித்தான் ஓடுவா" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டவர், குழுவைத் தொடங்கிய அக்கா.

அடுத்த நிமிடமே ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். யார் எங்கே தேடுவது என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தார்கள். தையல்காரருக்குப் பேருந்து நிலையம், வாத்தியாருக்குத் தண்டவாளம், அக்காவுக்கு எப்போதும் குளம்.

பத்தே நிமிடத்தில் அகப்பட்டான். எதிர்க் கட்டட லிஃப்டில் பொத்தான்களை ஒன்றுவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லோரும் வந்துவிட்டார்கள், அக்காவைத் தவிர. பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

"கிடைச்சுட்டான்க்கா, மேல வாங்க!"

"தெரியும்மா." பார்வை தண்ணீரை விட்டு நகரவில்லை.

"உங்க பொண்ண எங்க கண்ணுலயே காட்டலியேக்கா. ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்."

அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"அன்னிக்குத் தேட நான் ஒருத்திதாம்மா இருந்தேன். தெருத்தெருவா தேடிட்டு, இங்க கடைசியாத்தான் வந்தேன்."