முன்பக்கக் கதவு மிஷின்

"தப்பா நினைச்சுக்காதேள் ஸார். இதை வாஷிங் மிஷின்னு சொல்றதா, மாசத்துக்கு ஒரு நோவு சொல்ற சீக்காளின்னு சொல்றதா?"

கல்யாணராமன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் இந்த வீட்டு மாடிக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது.

எதிரே பேப்பரைப் பிரித்தபடி இருந்தவர் வீட்டுக்காரர் பட்டாபிராமன். பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். உள்ளே, குளியலறை ஓரத்தில், மெக்கானிக் மிஷினின் முதுகைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தான்.

"நான் வந்த மூணு மாசத்துல மெக்கானிக் மூணு தடவை வந்தாச்சு" என்றார் கல்யாணராமன். "என்னோடது ரெண்டு தொட்டி மிஷின். ஒண்ணுல துவைக்கும், இன்னொண்ணுல பிழியும். நடுவுல நாமதான் துணியை எடுத்துப் போடணும், ஒத்துக்கறேன். ஆனா நாலு வருஷத்துல ஒரே ஒரு பெல்ட் மாத்தினேன். அதுவும் தெருமுனை மோட்டார் கடையிலயே கிடைச்சுது. உங்க முன்பக்கக் கதவு மிஷினுக்கு ஒரு ரப்பர் வளையம் வேணும்னாக்கூட மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பணும்."

"இதுல துணி கிழியாது. தண்ணியும் பாதி போறும்."

"இந்த ஊர் உப்புத் தண்ணிக்கு உள்ள இருக்கற ஹீட்டர் சுண்ணாம்புக் கட்டியாயிடும் ஸார். சாயங்காலமானா வோல்டேஜ் வேற படுத்துடறது. வீட்டுல இருக்கறது ரெண்டே பேர். ரெண்டு வேஷ்டி, ரெண்டு புடவை. இதுக்குப் போய் மாசாமாசம் ஒரு வைத்தியரா?"

பட்டாபிராமன் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"தெப்பக்குளத்துக்கிட்ட என் மச்சினன் கடை வெச்சிருக்கான். இதை எடுத்துண்டு புது ரெண்டு தொட்டி மிஷின் குடுத்துடுவான். சாயங்காலம் அவன் வண்டி இந்தப் பக்கம் வருது. நீங்க தலையை ஆட்டினாப் போறும்."

சமையலறை வாசலில் காபியோடு நின்றிருந்த ஜகதாம்பாள் சட்டென்று முன்னால் வந்தாள்.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

"என்ன மாமி, கஷ்டப்படறது நீங்கதானே?"

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்றவள் கணவரின் முகத்தையே பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிடுவாரோ என்ற பயம் அவள் கண்களில் தெரிந்தது.

பட்டாபிராமன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மிஷின் எதுவானா என்ன கல்யாணராமன்? ரிப்பேர் பாக்கறவன் யாருங்கறதுதான் கணக்கு. இவனை மாதிரி ஒரு மெக்கானிக் மதுரையில கிடையாது. மெட்ராஸ்காரா வந்து பார்த்துட்டுக் கைவிட்ட மிஷினையெல்லாம் ஓட வெச்சிருக்கான். சத்தத்தைக் கேட்டே எங்க நோவுன்னு சொல்லிடுவான். பரவையில சொந்தப் பட்டறை. அஞ்சு பேருக்குச் சம்பளம் குடுக்கறான்."

"நீங்க என்ன, அவருக்கு ஏஜெண்ட்டா ஸார்?"

பட்டாபிராமன் சிரிக்கவில்லை. உள்ளே ஸ்பேனர் திருகும் சத்தம் மட்டும் கேட்டது. பேப்பரின் பக்கத்தைத் திருப்பாமல் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பசுபதி கையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

"என்ன பழுதாம், கேளு" என்றார் பட்டாபிராமன், மனைவியிடம்.

"ஒரு வயர் கழண்டிருந்துச்சு. அம்புட்டுத்தான்" என்றான் பசுபதி, அவனும் ஜகதாம்பாளைப் பார்த்து.

கல்யாணராமன் விடவில்லை. "தம்பி, உள்ளதைச் சொல்லுங்க. ரெண்டு தொட்டி மிஷின் நல்லதா, இது நல்லதா?"

"ரெண்டு தொட்டியில ரிப்பேர்ச் செலவு கம்மி சார். பொய் சொல்லக் கூடாது. ஆனா சார் வாங்கினது மட்டமான மிஷின் இல்ல. மோட்டார், டிரம் எல்லாம் புதுசு கணக்கா இருக்கு. இதுவரைக்கும் வந்தது எல்லாம் சில்லறைக் கோளாறுதான். இன்னைக்கு ஒண்ணு விடாம அழுத்தி முறுக்கிட்டேன். இனி ரெண்டு வருசத்துக்கு நான் வர வேண்டியிருக்காது."

"ரெண்டு வருஷமா?" என்றாள் ஜகதாம்பாள், காபியை அவனிடம் நீட்டியபடி.

"கேட்டேளோல்லியோ?" என்றார் பட்டாபிராமன். தலை நிமிர்ந்திருந்தது. "என் மிஷின் எங்கேயும் போகப் போறதில்லை."

"ஜெயிச்சுட்டேள் ஸார்" என்று எழுந்து மாடியேறினார் கல்யாணராமன்.

பசுபதி நின்றபடியே காபியைக் குடித்தான். "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினான். அவனுடைய மொபெட் சத்தம் திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் தேய்ந்து மறையும்வரை வீட்டுக்குள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இனி ரெண்டு வருஷத்துக்கு வர மாட்டானாமே" என்றாள் ஜகதாம்பாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. "பெத்த பிள்ளையை உள்ள வாடான்னு ஒரு வார்த்தை கூப்பிடப்படாதா?"

"காலேஜை விட்டுட்டு ஸ்பேனரைத் தூக்கினவன் என் பிள்ளையா இந்தப் படி ஏறப்படாதுன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். மெக்கானிக் வரலாம்."

பட்டாபிராமன் பேப்பரை மடித்து வைத்தார். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நீ ஏன் அழறே? அவன் எவ்வளவு அழுத்தி முறுக்கினா என்ன, மாசாமாசம் கழட்டி விடற எனக்குத் தெரியாதா?"