எதிர்ப்பக்கத்துச் சுவர்

வீட்டின் பின்முற்றத்தைச் சுற்றி, உட்கார வசதியாக, அரைவட்டமாய் ஒரு கல்சுவரைக் கட்டி முடித்தார்கள். ஒரு முனையில் முதலில் வைத்த கல் நிமிர்ந்து பார்த்தது. மறுமுனையில், நேர் எதிரே, கடைசியாக வைத்த கல்!

"யாருடா நீ? விருந்தாளிங்க எங்க சுவர்லதான் உட்காருவாங்க, தெரியுமா?" என்றது முதல் கல்.

"போடா! எங்க சுவருக்குத்தான் மாமர நிழல் இருக்கு. இங்கதான் வருவாங்க!" என்றது கடைசிக் கல்.

கதவு திறந்தது. "வர்றாங்க, வர்றாங்க!" என்று இரண்டும் தொண்டை கிழியக் கத்தின.

வீட்டுக்காரரின் வாட்டசாட்டமான மாமனார் காபி டம்ளரோடு வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சுவரின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

இரண்டு கற்களும் ஒரே நேரத்தில் குலுங்கின.

கொஞ்ச நேரம் கழித்து முதல் கல் மெல்லக் கேட்டது: "ஏன்டா, உனக்குமா இடுப்பு வலிக்குது?"