லைன் கிளியர்

கம்பத்தில் ஏறும் லைன்மேன் முதலில் துணைமின் நிலையத்துக்குப் போன் செய்து லைன் கிளியர் வாங்குவார். ஆபரேட்டர் சுகிர்தா அந்தத் தெருக்களின் மின்சாரத்தை நிறுத்துவாள். வாங்கியவரே தன் வாயால் திருப்பித் தரும்வரை அவள் சுவிட்சைத் தொடக் கூடாது. அன்று காலை வாங்கிய பரஞ்சோதி, கம்பத்தின் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கயிறு கட்டி இறக்கி, ஆஸ்பத்திரியில் காட்டி, உடலை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். லைன் கிளியர் மட்டும் அவர் பெயரிலேயே நின்றது.

“போட்டுடும்மா, ஊரே திட்டுது,” என்றார் பொறியாளர்.

“எழுதிக் குடுங்க சார்.”

“மேல கேட்டுச் சொல்றேன்.” போனை வைத்துவிட்டார். மேலதிகாரியோ அவளையே பார்த்துச் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். வாய்ப்பேச்சை நம்பிச் சுவிட்சைப் போட்ட பழைய ஆபரேட்டர் இன்னும் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். அவளால் போடவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. பரஞ்சோதியின் வீடும் அதே லைனில்தான். உடலை வைக்க வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி ஓடாமல் கிடக்கிறதாம்.

சாயங்காலம் போன் அடித்தது. திரையில் பரஞ்சோதி என்று வந்தது.

“அவரு வீட்டுக்காரி பேசறேன். லைன் கிளியர் ரிட்டர்ன்னு சொல்லணுமாமே. சொல்லிட்டேன், போடும்மா.”

தினமும் கேட்கிற கேள்வி சுகிர்தாவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. “லைன்ல ஆள் யாரும் இல்லையே?”



“இல்லம்மா,” என்றாள் பரஞ்சோதியின் மனைவி. “ஆள் இல்ல.”