முன்னே போகிறவளின் தடம்

மழை விட்ட புசல்லாவைத் தேயிலை மலை. புஷ்பராணியின் காலடித் தடங்களிலேயே கால் வைத்துப் பின்னால் வருகிறான் தோட்டத்துக்குப் புதிதாக வந்த காவல்காரன் திலகசிறி. முதல் நாள் தற்செயல் என்று விட்டாள். இது மூன்றாம் நாள். ஆளின் எண்ணம்தான் என்ன? கொழுந்துக் கூடையோடு சட்டென்று திரும்புகிறாள். "என்னங்கண்ணே, இவ்வளவு பெரிய மலையில என் காலடிதான் கெடச்சுச்சா?" அடுத்த தடத்துக்குத் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்துகிறான் அவன். சப்பாத்திலிருந்து சேறு சொட்டுகிறது.

"கோவிக்க வாணாம் தங்கச்சி. நான் ஆமியில இருந்த ஆளு. வடக்கில சண்டை நேரம் முன்னுக்குப் போறவன் மிதிச்ச எடத்தில மட்டுந்தான் மிதிக்கணும். மத்த எடமெல்லாம் மிதிவெடி." "இங்க அட்டைதாண்ணே இருக்கு!" "தெரியும் தங்கச்சி. கால்தான் சொன்னா கேக்குது இல்ல." புஷ்பராணி முன்னே திரும்புகிறாள். புல் மூடிய இடம் வருகிறது. தடம் நன்றாகத் தெரியும்படி, குதிகாலை அழுத்தி அழுத்தி நடக்கிறாள்.