சொன்ன பேச்சு கேட்கும் புறாக்கள்

"இப்ப வலது பக்கம் திருப்பறேன், பாரு மச்சான்."

மொட்டைமாடி மரக்கோபுரத்தின் உச்சியில் நின்று ஷவ்கி கொடியை வீசினார். இம்பாபா பேட்டையின் வானத்தில், மாலை வெயிலுக்கு எதிரே கறுப்பாகத் தெரிந்த புறாக்கூட்டம் வலது பக்கம் திரும்பியது.

கோபுரத்தடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸமீஹாவிடம் அவள் தம்பி ரம்ஸி கிசுகிசுத்தான்.

"ரிட்டயர் ஆனதுலேருந்து மாமா பேச்சை யாருமே கேக்கிறதில்லைன்னியே அக்கா. புறா கேக்குதே."

"அதனாலதான் இந்த அரைமணி நேரமாவது மனுஷன் சிரிச்ச முகமா இருக்காரு."

ஷவ்கி இறங்கி வந்தார். "இனி தானா வந்து அடைஞ்சுடும். கூண்டைச் சாத்திட்டு வா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கைகழுவப் படியிறங்கினார்.

"மொத்தம் எத்தனை புறா அக்கா?"

ஸமீஹா துணிக்கொடியில் தொங்கிய போர்வையை விலக்கினாள். பின்னாலிருந்த கூண்டில் நாற்பது புறாக்களும் சொகுசாக உட்கார்ந்திருந்தன. நேற்று போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

"நீ வந்த சந்தோஷத்துல திறந்துவிட மறந்துட்டேன்டா. மேல பறக்கிறது அடுத்த வீட்டு பயூமியோடது."

"அப்ப பயூமி அங்கேருந்து கொடி வீசினாரா?"

"அவரு டான்டாவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. அவர் சம்சாரம் கூண்டைத் திறந்து விட்டுட்டு உள்ள சீரியல் பாக்குறா."

ரம்ஸி வாய் திறப்பதற்குள் படிக்கட்டிலிருந்து ஷவ்கியின் குரல் வந்தது.

"எல்லாம் உள்ள வந்துடுச்சா?"

ஸமீஹா தம்பியின் வாயைப் பொத்தினாள்.

"ஒண்ணுகூடக் குறையாம உள்ளதான் இருக்குங்க."

"நம்ம கொடியை மீறுமா?" என்றபடி அவர் சீட்டியடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.