மல்லி கருகுது!

பிலோமினா கறித்தூளுக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள்.

“மல்லி கருகுது, இறக்கடி!” வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு லூர்த்தம்மா கத்தினாள்.

பிலோமினா உடனே அடுப்பிலிருந்து தாச்சியை இறக்கினாள். செத்தல் மிளகாய்க்கும் அதே அதட்டல்.

மன்னாரிலிருந்து வந்திருந்த மச்சாள் நிர்மலாவுக்குப் பொறுக்கவில்லை. “தீவு முழுக்க உம்மடை தூளைத்தான் வாங்குது. உமக்கு வறுக்கப் பழக்க இவ ஆர்? நான் போய்க் கேக்கிறன்.”

“ஐயோ, வேண்டாம் மச்சாள்!”

பின்னேரம் மில்லில் அரைத்து வந்த தூளில் முதல் போத்தலை பிலோமினா வேலிக்கு மேலால் நீட்டினாள். லூர்த்தம்மா முறைத்தபடியே வாங்கிக்கொண்டாள்.

“ஏச்சும் வாங்கி, தூளும் குடுக்கிறீரோ?” என்றாள் நிர்மலா.

பிலோமினா குரலைத் தாழ்த்தினாள். “கொரோனா வந்து மாறினதிலயிருந்து எனக்கு மணமே தெரியிறேல்லை மச்சாள். இந்த விசயம் அவவுக்கு மட்டுந்தான் தெரியும். மூண்டு வருசமா இந்தத் தூளுக்கு மூக்கு அவதான். ஊரில ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை.”